அரசாங்கத்துக்குக் கொடுத்த விரால்

திருகோணமலையில் பிறந்த ஒருத்தி குளத்து மீனுக்கு உத்தியோகம் பார்த்தாள் என்றால் யாரும் சிரிப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சிரித்தார்கள். கடலில் பிடித்த பாரையும் அறக்குளாவும் காலையில் வாசலுக்கே வந்து விலை கேட்கும் ஊரில், நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, தம்பலகாமப் பக்கம் போய், சேற்றுக்குள் கிடக்கும் விராலைத் தேடி வருவேன். பாலையூற்றில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, கடல் வத்திப்போச்சுதோ?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். ஒவ்வொரு முறையும் அவரே சிரித்தும் முடிப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகம் தெரிகிற ஒரு சின்னக் கட்டடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மீன் சம்பந்தமான அரசாங்க அலுவலகம். உதவியாளர் என்று பதவிக்குப் பெயர். மீனை அளப்பது, வெட்டுவது, கடிதம் தட்டச்சு செய்வது, தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். யாழ்ப்பாணத்தார், சுத்த சைவம். மீனை அவர் தொட்டே நான் பார்த்ததில்லை. மேசையில் நான் மீனை வைத்தால் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். மீன் இலாகாவுக்கு இதைவிட நேர்மையான ஆள் கிடைக்க மாட்டார் என்று என் அம்மா சொல்வார்: "ஒரு துண்டு களவு போகாது."

அம்மாவுக்குத் தெரியாதது என்னவென்றால், அவர் சட்டிக்கு வந்த மீனே களவு போனதுதான், அதுவும் என் கையால். அதற்கு வருகிறேன்.

எங்கள் வேலைகளில் ஒன்று பாதரசம். வெளிநாட்டில் எங்கோ மீன் தின்ற சனத்துக்கு நரம்பு நோய் வந்ததாகவும், மீனின் சதைக்குள் பாதரசம் இருந்ததாகவும் கேள்விப்பட்டு, எங்கள் குளங்களிலும் அது இருக்கிறதா, வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வயல்களுக்கு மருந்தும் பசளையும் மூட்டை மூட்டையாக இறங்கத் தொடங்கியிருந்த காலம். மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு குளத்துக்குத்தான் வரும் என்பது அதிகாரியின் கவலை. ஒரு வருஷத்துக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, ஒரே குளத்தில் ஒரே விதமாகப் பல வருஷம் பார்க்க வேண்டும் என்றார். ஆகவே ஒரு குளம், ஒரு சாதி மீன், வருஷத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் வற்றும் ஆடி மாதத்தில். மீன் விரால். ஏனென்றால் விரால் மற்ற மீனைத் தின்கிற மீன். பாசியில் துளி, பாசி தின்ற சின்ன மீனில் இன்னும் கொஞ்சம், அதுகளைத் தின்ற விராலில் எல்லாம் சேர்ந்து கிடக்கும்.

மீனின் முதுகில் தீப்பெட்டி அளவு ஒரு துண்டு வெட்டி, பொலித்தீன் பையில் போட்டு, ஐஸில் வைத்துக் கொழும்புக்கு ரயிலில் அனுப்ப வேண்டும். "மிகுதி அழிக்கப்பட வேண்டும்" என்று அறிவுறுத்தலில் இருந்தது. நாங்கள் அழித்தோம். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து வழுக்கல் எடுத்து, மிளகும் உள்ளியும் அரைத்துப் புளி விட்டுக் குழம்பு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் சோற்றோடு அழிப்போம். குளத்து மீன் என்றால் முகத்தைத் திருப்புகிற அம்மா, முதல் வாய்க்குப் பிறகு இன்னும் சோறு போட்டுக்கொண்டார். சட்டியை வழித்துச் சாப்பிட்ட பிறகுதான், "சேத்து மணம் கொஞ்சம் இருக்குத்தான்" என்றார். தன் மானத்தைக் காப்பாற்ற.

அந்த மீனைத் தந்தவரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கிண்ணியாக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் "நானா" என்பேன், அவர் என்னை "மிஸ்" என்பார். முன்பு கடலில் கரைவலை இழுத்தவர். ஒரு வலை கிழிந்து, மற்றது கையைவிட்டுப் போய், கடைசியில் மனைவியின் ஊரான அந்தக் குளத்தடிக்கு வந்து, ஒரு தோணியும் சில வலைகளுமாகப் பிழைத்தார். அவர் பிடிப்பார், மனைவி கூடையில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவார். அந்தக் குளத்தை விட்டால் அவருக்கு வேறு தொழில் கிடையாது. அந்தக் குளம் அவர் கையை விட்டுப் போகப் பார்த்த கதைதான் இது. போக வைத்தது அநேகமாக என் வாய்.

முதல் வருஷம் அவர் எட்டு விரால் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். அம்மா வேறு அன்றைக்கு, "வீட்டில ரெண்டு பேருக்கு ஒரு நேரக் கறிக்காவது காணுமோ" என்று நக்கலாகக் கேட்டு அனுப்பியிருந்தார். நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"இவ்வளவுதானா நானா? குளத்தில இதைவிடப் பெரிசு இல்லையோ?"

பகிடியாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். நான் அதை அந்த இடத்திலேயே மறந்தும் விட்டேன்.

அறிவுறுத்தலில், ஒவ்வொரு வருஷமும் மீன்கள் கூடியவரை ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. வாசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வாசித்தேன். மிகவும் சின்ன மீனைக் கொடுத்து அரசாங்கத்தை ஏய்த்துவிடக் கூடாது என்பதற்காக எழுதிய வரி என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மீன் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிதாக வந்தது; போன முறை மிச்சத்தை அம்மாவும் நானும் கறி வைத்துத் தின்றதை நானாவிடம் சொன்னேன். அதற்கடுத்த வருஷம் இன்னும் பெரிது. நான்காம் வருஷம் பெட்டியின் மூடி பூட்டவில்லை. வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிதர் வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொன்றையும் அளந்து என் கொப்பியில் நீளத்தை ஒழுங்காக எழுதினேன். எழுதினேனே தவிர, எழுதியதைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் வருஷம் ஒழுங்கையில் நாலு வீட்டுக்குக் குழம்பு போனது. வேலிக்கு மேலால் கடல் வற்றிய கதை கேட்டவரின் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "அடுத்த ஆடி எப்ப பிள்ளை?" என்று கேட்டார்.

கொழும்பிலிருந்து முடிவுகள் வர மாதக்கணக்கில் ஆகும். ஆறாம் வருஷம், ஆடிக்கு முன்னால், அதிகாரி எல்லா வருஷத்து முடிவுகளையும் எடுத்து வைத்து, கட்டம் போட்ட தாளில் சிவப்புப் பென்சிலால் புள்ளி குத்தினார். பிறகு புள்ளிகளைக் கோடாக இழுத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோடு மாடிப்படி மாதிரி ஏறிப் போனது. ஒரு வருஷமாவது இறங்கவில்லை.

"குளம் கெட்டுப்போகுது," என்றார். "வருஷம் வருஷம் கூடுது. இனிப் பேசாமல் இருக்க ஏலாது. அந்தக் குளத்தில மீன் பிடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லிக் கச்சேரியில அரசாங்க அதிபருக்கு எழுதப்போறன். திங்கட்கிழமை தட்டச்சு செய்யுங்கோ."

மீன் தின்னாத மனிதர் மீன் தின்கிற சனத்துக்காகக் கலங்கியது எனக்கு விளங்கியது. அவர் சொன்னதில் பிழை பிடிக்கவும் எனக்குத் தெரியவில்லை. என் நெஞ்சுக்குள் நின்றது நானாவின் முகம். கடிதம் போய், ஒரு நாள் யாரோ ஒரு உத்தியோகத்தர் வந்து குளக்கட்டில் பலகை நட்டுவிட்டுப் போக, அதை அவர் எழுத்துக்கூட்டி வாசித்துத் தெரிந்துகொள்வதா? ஐந்து வருஷம் அவர் மீனைத் தின்றவள் நான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் அந்த மீன் எனக்குச் செரிக்காது. சனிக்கிழமை, ஐஸ் பெட்டி இல்லாமல், பஸ் ஏறினேன்.

குளக்கட்டில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு வலையைக் கீழே விட்டார். பிறகு, "குளத்த மூடினா நாங்க எங்க போற மிஸ்?" என்றார். "பாதரசம் கூடிக்கொண்டு போகுது நானா, நீங்கள் தந்த மீனிலதான் பார்த்தது" என்று மட்டும் சொன்னேன்.

அதுதான் அவரைத் தைத்தது. தொழில் போகப்போகிறது என்றதைவிட, தன் மீனில் குறை என்றதுதான்.

"நான் தந்த மீனா? வாங்க, வந்து பாருங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

குளக்கட்டின் கீழே, தண்ணீர் தேங்கும் ஓரத்தில், கம்பு நட்டுத் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்த ஒரு பள்ளக் கிடங்கு. உள்ளே ஏழெட்டு விரால், ஒவ்வொன்றும் என் கையின் நீளம், மரக்கட்டைபோல அசையாமல் கிடந்தன.

"இது கவர்மெண்ட் மீன்," என்றார். "வருஷம் முழுக்க வலையில வாற பெரிசையெல்லாம் விக்காம இதுக்குள்ள விட்டு வெச்சிருக்கன். சின்ன மீன் புடிச்சுப் போட்டு வளக்கிற. முதல் வருஷம் நீங்க பெட்டியப் பாத்து, இவ்வளவுதானா எண்டு கேட்டீங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. அரசாங்கத்துக்குக் குடுக்கிற மீன், அதுவும் நம்மட குளத்து மீன், கொழும்பு வரைக்கும் போகுது. ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தவிடப் பெரிசாத்தான் குடுக்கிற எண்டு அண்டைக்கே நினைச்ச. குடுத்தனா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

கொடுத்தார். ஐந்து வருஷமும் ஒரு வருஷம் தவறாமல் கொடுத்தார். நான் அந்தக் கிடங்கின் பக்கத்தில் நின்று, மாடிப்படிபோல ஏறிய கோட்டை நினைத்துப் பார்த்தேன். காது சுட்டது. விரால் வயது போகப் போகத் தின்று தின்று பாதரசம் சேர்க்கிற மீன் என்று அதிகாரி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சின்னதில் குறைவு, பெரியதில் கூடுதல். குளம் கெட்டதோ இல்லையோ, மீன் பெருத்தது நிச்சயம். அதைப் பெருக்க வைத்தது என் வாயும் அவருடைய மரியாதையும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. கொப்பியிலிருந்த நீளங்கள்தான் மனதில் ஓடின. வீட்டுக்கு வந்து, உடுப்பும் மாற்றாமல், வருஷ வாரியாக எடுத்து எழுதினேன். என் கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல், அந்த நீளங்களும் படி படியாக ஏறின. அம்மா குசினி அடுப்படியிலிருந்து, "என்ன, பாவமன்னிப்புக்கு எழுதிறியோ?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான்.

திங்கட்கிழமை தட்டச்சு இயந்திரத்தின் மூடியைக் கழற்றாமல் அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். கொப்பியை விரித்து வைத்தேன். நீளங்களைப் பார்த்தார், தன் கோட்டைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் மீன் இல்லாமலே கழற்றினார்.

"மீன் ஏன் வருஷம் வருஷம் பெருத்தது?"

"நான் கேட்டனான் சேர்."

"ஏன் கேட்டனீங்கள்?"

"கறிக்கு, சேர்."

"மிகுதியை அழிக்கச் சொல்லியெல்லோ இருந்தது?"

"அழிச்சம் சேர். அம்மாவும் நானும்."

கோபத்தில் கத்துவார் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் யன்னலுக்கு வெளியே, துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுதான் நான் சைவம்" என்றார். அவ்வளவுதான். கடிதத்தை எழுதிய தாளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கிழிக்கவில்லை. "முதல் வருஷ நீளத்தில எட்டு மீன் கொண்டு வாங்கோ. ஒரு விரல்கூடக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். முடிவு வந்த பிறகு பார்ப்பம்" என்றார்.

சின்ன மீன் வேண்டும் என்று நானாவிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. கிடங்கு மீனைக் காட்டி, "இதுகள்ள என்ன குறை மிஸ்?" என்று கேட்டார். பெரியதில் பாதரசம் சேர்ந்திருக்கும், நோய் வரும் என்றெல்லாம் நான் விளக்கவில்லை. அளவு ஒன்றாக இருக்க வேண்டுமாம், கொழும்பில் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அவருடைய மீனில் குறை என்று இரண்டாம் தடவையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை மரியாதை என்று அப்போது நினைத்தேன். கோழைத்தனம் என்று இப்போது சொல்கிறேன்.

முடிவு வர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் கண்ணில் பட்டது. அதற்குள் குளத்து மீனில் ஏதோ மருந்தாம் என்று சந்தையில் கதை அடிபட்டு, நானாவின் மனைவி பாதிக் கூடையோடு திரும்பி வரும் நாட்களும் வந்தன. கதையை யார் வெளியே விட்டது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஒழுங்கையாக இருக்கலாம். நல்ல கறி நின்றுபோனதற்குக் காரணம் கேட்டவர்களுக்கு அம்மா ஏதாவது சொல்லித்தானே இருப்பார்.

முடிவு வந்தது. அதிகாரி பென்சிலை எடுத்துப் புள்ளியைக் குத்தினார். அது முதல் வருஷத்துப் புள்ளிக்கு நேரே, கிட்டத்தட்ட அதே உயரத்தில் விழுந்தது. குளம் முதல் வருஷம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. அவர் அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

"ஆனால் ஒண்டு," என்றார். "பெரிய விராலில பாதரசம் கூடுதலா இருக்கிறது பொய்யில்லை. நீங்கள் வருஷத்தில ஒருக்காச் சாப்பிட்டதுக்குப் பயப்பிட ஒண்டுமில்லை. அடிக்கடி சாப்பிடத்தான் கூடாது, அதிலும் பிள்ளைத்தாச்சிகளும் சின்னப் பிள்ளைகளும். அந்த மனுசனிட்டையும் சொல்லிவிடுங்கோ."

ஓம் என்றேன். நல்ல செய்தியை முதலில் சொல்லுவோம், மற்றதை மெல்லச் சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போனேன்.

குளத்தை மூட மாட்டார்கள் என்றதும் நானா இரண்டு கையையும் உயர்த்தி இறைவனுக்கு நன்றி சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று இருவரும் என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பாயில் அவர்களுடைய மூத்த மகள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைப்பேறுக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள், வயிறு நிறைந்திருந்தது. அவள் கோப்பையில் சோற்றுக்கு மேலே கிடந்த விரால் துண்டு என் உள்ளங்கையைவிடப் பெரிது.

"நீங்க பெரிசு வேணாமெண்டது நல்லதாப் போச்சு," என்றார் நானா, சிரித்த முகத்தோடு. "கிடங்கில இருந்ததெல்லாம் மகளுக்குத்தான். விரால் உடம்புக்கு நல்ல பலமெல்லா. இத்தின வருஷமா என்ட பிள்ளைகளுக்கு நான் ஒரு பெரிய மீன் குடுத்ததில்ல மிஸ். இந்த நாலு மாசமாத்தான் குடுக்கிற."

பிறகு பிறந்த பேரனுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. குசினி வாசலில் நின்று அந்தத் துண்டையே பார்த்தேன். நாலு மாதத்துக்கு முன்னால், அந்தக் கிடங்கடியில், ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்.

அப்போதுதான் சொன்னேன். மெல்லச் சொல்ல நினைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பெரிய மீனில்தான் பாதரசம் கூடுதல், பிள்ளைத்தாச்சிக்கு அது கூடாது, சின்ன மீன் பயமில்லை, தாராளமாகக் கொடுக்கலாம், எனக்கு முன்னமே தெரியும், நான்தான் சொல்லவில்லை. மகளின் கை கோப்பையில் அப்படியே நின்றது. தாய் அந்தத் துண்டை எடுத்து அப்புறம் வைத்துவிட்டு, வேறு கறி விட்டுக் கொடுத்தார். எனக்கு யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ யோசித்துக் கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. மகளைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்துப் பதிலைத் தயார்பண்ணினேன்.

"அப்ப மிஸ்," என்றார், "அஞ்சு வருஷமா நான் உங்களுக்குத் தந்த மீன்? நீங்களும் உங்கட உம்மாவும் திண்டது?"

"எங்களுக்கு ஒண்டும் செய்யாது நானா. வருஷத்தில ஒருக்காத்தானே."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. முகம் சிறுத்துவிட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ்," என்றார். "தெரியாமத் தந்துட்டன்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவர் முந்திவிட்டார்.